அரைக் கட்டை கீழே

ஒரு குளிர்காலத்தில் எனக்குக் கால் வீங்கிப்போய் எந்தக் காலணியும் ஏறவில்லை. ஞாயிறு ஆராதனையை விடவும் மனம் வரவில்லை. வீட்டுக்குள் போடுகிற பஞ்சுச் செருப்பை மாட்டிக்கொண்டு, பாவாடையை இறக்க முடிந்த மட்டும் இறக்கிவிட்டு, சபையில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அப்படியும் எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு வெர்லா அக்கா முயல் காது வைத்த ரோஸ் நிறப் பஞ்சுச் செருப்போடு வந்தாள். நேரே மேடைக்கு ஏறி, அடிக்குரலில் முழங்குகிற பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, முயல் காது ஆட ஆடத் தாளம் தட்டி வாசித்தாள். அதற்கு அப்புறம் என் செருப்பை யார் பார்க்கப்போகிறார்கள்? என் வீக்கம் வடிகிற வரைக்கும் அப்படியே வந்தாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மற்றபடி வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவள். வெர்லா கௌடில் என்றால் எங்கள் கென்டக்கி மலைக்குள் இந்த ஓடையோரத்தில் எல்லாருக்கும் தெரியும். வாரநாளில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமையல், ஞாயிற்றுக்கிழமை சபையில் பேஸ். பரிசுத்தவாட்டி என்று அவளைச் சொன்னால் அவளே முதலில் சிரிப்பாள். "கண்ண மூடி ஜெபம் பண்ணா எனக்குக் குறட்டை வந்துடுதுடி. அந்த நாலு கம்பியையும் தட்டிக்கிட்டே இருந்தாத்தான் கர்த்தர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு" என்பாள். விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மை. வாசிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வருஷம் எங்கள் சபை இரண்டாக உடைந்தது. புதிதாகக் கட்டின கழிவறையின் கதவு பிரசங்க மேடையைப் பார்த்து இருக்கலாமா கூடாதா என்று தகராறு. கூடாது என்றவர்கள் பிரதர் எல்வுட் தலைமையில் பிரிந்து, மேட்டில் இருந்த பழைய டயர் கடையில் தனிச்சபை ஆரம்பித்தார்கள். போகும்போது காபிக் கொப்பரையையும், ஒலிபெருக்கிப் பெட்டியையும், வெர்லா அக்கா முப்பது வருஷம் வாசித்த பேஸையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சபைக் காசில் வாங்கினதாம். பியானோ மட்டும் வாசலில் நுழையாததால் எங்களுக்கு மிஞ்சியது. அந்தப் பியானோதான் எங்களுக்கு எல்லாம். எந்த வாத்தியம் வந்தாலும் அதைக் கேட்டுத்தான் சுருதி சேர்ப்போம்.

எங்கள் பாஸ்டர் ஹோபர்ட் சாது மனுஷன். சண்டை போடத் தெரியாது. அதனால் ஒரு பெட்டி வாங்கிவிட்டார். பொத்தானை அழுத்தினால் பேஸ், வயலின், மேளம் எல்லாம் சேர்ந்து பாட்டுக்குப் பின்னணி வாசிக்கும். ஆகஸ்டு மாதம், வெளியூர் போனவர்கள் எல்லாம் சபைக்குத் திரும்பி வந்து முற்றத்தில் மேஜை போட்டுச் சாப்பிடுகிற ஞாயிறு வரும். அதற்குள் ஒரு பேஸ் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் இனிமேல் பெட்டிதான் என்று வெர்லா அக்காவிடம் சொல்லிவிட்டார்.

அக்கா என் வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வேடிக்கைப் பேச்சு ஒன்றும் வரவில்லை.

"அந்தப் பெட்டி வந்துட்டா நான் பெஞ்சுல உக்காந்து கையப் பிசைஞ்சுக்கிட்டு இருக்கணும். நான் சபைக்கு வரதே அதுக்குத்தான்டி. இத நீ யார்கிட்டயும் சொல்லாத."

நாங்கள் சபைப் பெண்கள் சேர்ந்து ஆப்பிள் பணியாரம் பொரித்து விற்றோம். அந்தப் பணத்தோடு, திரும்பிவரும் ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, அக்கா, அவள் வீட்டுக்காரர் டென்சில், நான் மூவரும் அவர்களுடைய டிரக்கில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து லெக்ஸிங்டன் போனோம்.

வாத்தியக் கடை நெடுஞ்சாலையோரம், மெத்தைக் கடைக்குப் பக்கத்தில். நாடு முழுக்கக் கிளை உள்ள கடை. உள்ளே காலை வைத்ததும் சத்தம் மண்டையில் அடித்தது. ஆளுக்கொரு கிட்டாரை மடியில் வைத்து, தனக்குத் தெரிந்த ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனும் அடுத்தவனைக் கேட்கவில்லை. பைபிளில் பாஷை குழம்பிப்போன பாபேல் கோபுரம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

"நரகத்துல பாட்டுக் கச்சேரி உண்டுன்னு எங்கம்மா சொன்னப்ப நான் நம்பல" என்றாள் அக்கா.

கடைக்காரர்கள் எங்களைத் தூணைச் சுற்றிப் போவது போலச் சுற்றிப் போனார்கள். வெகுநேரம் கழித்துக் குடுமி போட்ட ஒருவர் வந்தார். சட்டையில் கிளிண்ட் என்று எழுதியிருந்தது. எங்கள் இருவரையும் விட்டுவிட்டு டென்சிலிடம் கை நீட்டினார்.

"சார் என்ன வாசிப்பீங்க?"

"ரேடியோ" என்றார் டென்சில்.

"பேரனுக்கு வாங்குறீங்களா சார்?"

"எனக்கு, தம்பி" என்றாள் அக்கா. "இந்தப் பக்கம் திரும்பு. ஆள் இங்க நிக்கிறேன்."

கிளிண்ட் திரும்பிப் பார்த்து, குட்டியாக ஊதா நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "லேடீஸுக்கு இது கைக்கு அடக்கமா இருக்கும்மா."

அக்கா தன் கையை விரித்து அவர் மூக்குக்கு நேரே காட்டினாள். பள்ளிக்கூடம் முழுக்கச் சாப்பிடுகிற ரொட்டிக்கு மாவு பிசைந்த கை. அவர் ஊதாவை எடுத்துக்கொண்டு போனார். நல்ல பேஸ் எல்லாம் கூரையோரம் தொங்கியது. ஏணி வேண்டுமாம். ஏணி ஏற அனுமதி உள்ளவர் லீவாம். "கீழ் வரிசையில பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு மறைந்துவிட்டார்.

அக்கா முதல் பேஸை மடியில் வைத்து ஒரு கம்பியைத் தட்டினாள். முகம் சுளித்தது. "சுருதி ஏறிக் கெடக்கு" என்று முறுக்காணியைத் திருகி இறக்கினாள். அடுத்ததை எடுத்தாள். அதுவும் ஏற்றம். அதற்கடுத்ததும் அப்படியே. நானும் கேட்டேன். என் காதுக்கும் ஏற்றமாகத்தான் பட்டது.

"இவ்ளோ பெரிய கடை, ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல பாரு. பாவம், யாரும் கவனிக்கல போல. வந்தது வந்தோம், ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போவோம்."

உட்கார்ந்து அந்த வரிசை முழுவதையும் இறக்கிச் சுருதி சேர்த்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், அவள் முடித்ததும் மாட்டினேன். ஊழியம் செய்கிற சந்தோஷம் எங்களுக்கு. அந்த நேரம் பார்த்து ஒரு தாடிக்காரர் அதில் ஒன்றை எடுத்துக் கிட்டார் வைத்திருந்த தன் நண்பரோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார். கதவிடுக்கில் பூனை வால் மாட்டின மாதிரி இருந்தது. நண்பர் அவரைப் பார்த்தார். அவர் பேஸைப் பார்த்தார். கிளிண்ட் ஓடிவந்தார்.

கையில் நகம் அளவு ஒரு கருவி. அதைக் கிட்டாரின் தலையில் கவ்வவிட்டுக் கம்பியைத் தட்டினால், சுருதி சரியென்றால் பச்சை விளக்கு எரியும். எரிந்தது சிவப்பு. அடுத்ததிலும் சிவப்பு.

"யாரோ எல்லாத்தையும் அரைக் கட்டை இறக்கி வச்சிருக்காங்க."

"யாரோ இல்ல, நான்தான். நன்றியெல்லாம் வேணாம் தம்பி."

"அம்மா, நீங்க பண்ணது தப்பு சுருதி."

"உன் டப்பா எந்தச் சபைக்குப் போகுது? நான் முப்பது வருஷமா வாசிக்கிறேன்."

"டப்பா பொய் சொல்லாதும்மா."

"டப்பா, டப்பா. எங்க பார்த்தாலும் டப்பா. பியானோகிட்டப் போய்க் கேப்போம் வா. அது சொல்லட்டும்."

கடையின் பின்பக்கம் மின்சாரப் பியானோக்கள் வரிசையாக நின்றன. அக்கா ஒன்றைப் போட்டு ஒரு கட்டையை அழுத்தினாள். அழுத்தின விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். அடுத்த பியானோவுக்குப் போனாள். அதற்கடுத்ததுக்கும். எல்லாம் ஒரே குரலில் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லின.

"ஏண்டி" என்றாள் மெதுவாக, "நம்ம பியானோ."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்தப் பியானோ எந்தக் காலத்திலோ அரைக் கட்டை இறங்கிப்போயிருக்கிறது. நாங்கள் பிறந்ததிலிருந்து அதைத்தான் கேட்கிறோம். ஓடையோரத்தில் கல்யாணம், அடக்கம், ஞானஸ்நானம் எல்லாம் அரைக் கட்டை கீழேயே நடந்திருக்கிறது.

எனக்கு அவமானமாகப் போயிற்று. அக்காவோ அங்கே கிடந்த மேள முக்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "இத்தன வருஷம் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரே, ஒரு வார்த்த சொன்னாரா கர்த்தர்? ரொம்ப மரியாதப்பட்டவர்டி."

"அக்கா, இது கோயில் விஷயம்" என்றேன்.

"அதான் சிரிக்கிறேன்."

இறக்கின அத்தனையையும் மேனேஜர் முன்னால் கிளிண்ட்டும் அக்காவும் சேர்ந்து ஏற்றினார்கள். அக்கா மன்னிப்பும் கேட்டாள், தனக்கு வேண்டியதையும் எடுத்துக்கொண்டாள். அடர்சிவப்பு பேஸ், கூடவே ஒரு சின்ன ஒலிபெருக்கி. அரைக் கட்டை இறக்கி வைத்து வாசிக்கப்போவதால் கொஞ்சம் தடித்த கம்பி மாட்டுவது நல்லது என்று கிளிண்ட் சொன்னார். அந்தக் கம்பிகள் பூட்டின கண்ணாடி அலமாரியில். சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். சாவிக்காரர் வந்தார், கொண்டுவந்த சாவி வேறு. டென்சில் அதற்குள் மெத்தைக் கடைக்குப் போய், படுத்துப் பார்க்கிறேன் என்று தூங்கியே விட்டார்.

பணம் கட்டுகிற இடத்தில், "அஞ்சு வருஷ வாரண்டிக்குத் தனியா பணம் கட்டுறீங்களா?" என்று கேட்டார்கள்.

"அஞ்சு வருஷம் தாங்காதுன்னு நீங்களே சொல்றீங்களா?"

"அப்போ போன் நம்பர் சொல்லுங்க. நம்பர் இல்லாம மெஷின் பில் போடாது."

அக்கா கொஞ்சம் யோசித்து, பிரதர் எல்வுட்டின் நம்பரைச் சொன்னாள். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். டயர் கடைச் சபைப் போதகருக்கு இன்றைக்கும் வாராவாரம் மேளத் தள்ளுபடிச் செய்தி வருகிறது. யாருடைய வேலை என்று தெரியாமல் ஜெபத்தில் வைத்திருக்கிறாராம்.

திரும்பும் வழியில் எனக்கு ஒன்று உறைத்தது. "அக்கா, அப்ப பாஸ்டரோட பெட்டியும் கடைச் சுருதியிலதானே இருக்கும்? நம்ம பியானோவோட சேராதே. சொல்லிடணும்ல?"

"கேட்டா சொல்லுவேன்" என்றாள் அக்கா, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

மறுநாள் சபை நிறைந்து வழிந்தது. டெட்ராய்ட், சின்சினாட்டி எல்லா இடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். அக்கா புது பேஸோடு மேடையில் நின்றாள். வந்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று பாஸ்டருக்கு ஆசை. "முதல் பாட்டு மட்டும் பெட்டியையும் சேத்துப்போம் சிஸ்டர். நல்லா இருந்துச்சுன்னா அப்படியே தொடரலாம். உங்களுக்கும் ஓய்வு."

"தாராளமா வைங்க, பாஸ்டர்."

அவர் பொத்தானை அழுத்தினார். அவர் மனைவி பியானோவைத் தொட்டார். பெட்டி ஒரு பக்கம், பியானோ ஒரு பக்கம். ஜனம் பாவம், வழக்கமான இடத்தில் பாட்டைப் பிடித்து, பெட்டிக்காக எட்டிப் பார்த்து, சரணத்தின் உச்சியில் போய் மொத்தமாக உடைந்தது. எப்போதும் அந்த உச்சியைத் தூக்கிப் பிடிக்கிற பெரியவர் ஒருவர் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். டெட்ராய்ட்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். பாஸ்டர் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"சளி பிடிச்சிருக்கு போல அதுக்கு" என்றாள் அக்கா.

அப்புறம் அவள் அடிக்கம்பியைத் தட்டினாள். பியானோ அதோடு சேர்ந்தது. ஜனம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தது. அன்றைக்குப் பாடின மாதிரி நாங்கள் பாடினதில்லை. அக்காவின் கண் மூடியிருந்தது, குறட்டை வரவில்லை.

முற்றத்தில் சாப்பிடும்போது பாஸ்டர் தட்டோடு வந்து நின்றார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, சிஸ்டர்?"

"நீங்க கேக்கவே இல்லையே, பாஸ்டர். கோழி எடுத்துக்கோங்க."

அவர் கோழியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பெட்டி சாமான் அறைக்குப் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அக்கா ஒரு ஞாயிறும் விடாமல் வாசித்தாள். அப்புறம் டென்சில் இறந்துபோனார், அவளுடைய நுரையீரலும் கெட்டது, மகள் வந்து ஒஹாயோவுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசியாக அவளைப் பார்த்தது அங்கேதான். மூக்கில் குழாய் இருந்தது. சபைச் செய்தி எல்லாம் கேட்டாள். பேஸ் வாசிக்க ஆளில்லாமல் பாஸ்டர் பெட்டியை மறுபடியும் வெளியே எடுத்துவிட்டார், நன்றாகவே இல்லை, எங்களுக்கெல்லாம் வருத்தம் என்று சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

"நல்லா இல்லையா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் இல்லாதப்ப அது நல்லா இருந்து தொலைச்சிருந்தா என் மானம் போயிருக்கும்டி. சரி, கெளம்பு, மழைக்கு முன்னாடி மலையத் தாண்டு."