மரத்தோடு மரமாக

பழைய பின்பால் விளையாட்டு இயந்திரத்தின், இரும்புக் குண்டு உருளும் ஆட்டப்பலகையில் யாரோ கண்டபடி திருகாணி போட்ட ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கிறேன். மரத்தூளைப் பசையில் குழைத்ததும் லேசான புளித்த வாடை. உடனே சிங்கப்பூரில் நாங்கள் இருந்த மார்சிலிங் வீட்டு அறைக்கதவின் முன்னால் அம்மா வந்து நிற்கிறாள்.

அன்று மாலை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். கதவிலோ அண்ணனின் முஷ்டி அளவுக்கு ஓட்டை. போதை மருந்து கிடைக்காத ஆத்திரத்தில் குத்தியது. அவன் உள்ளே சுருண்டு கிடந்தான். அம்மா ஓட்டைக்குள் செய்தித்தாளைத் திணித்து, மேலே மரத்தூளும் பசையும் அப்பினாள். வெளுத்துத் தெரிந்தது. காப்பித்தூளைக் கலந்தாள், கறுத்துவிட்டது. சுரண்டியெடுத்து மறுபடியும் கலந்தாள்.

"காலண்டர மாட்டி மறைச்சிடலாம் லா," என்றாள் அக்கா.

"கதவு நடுவுல எவடி காலண்டர் மாட்டுவா? வர்றவங்க மொதல்ல அதத்தான் தூக்கிப் பாப்பாங்க."

ஒருவழியாக நிறம் சேர்ந்தது. மின்விசிறியைத் திருப்பிக் காயவைத்தாள். வந்தவர்கள் அந்தக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேசரி சாப்பிட்டார்கள்.

"ஒங்க பையன் எங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாயார்.

"ஏர்போர்ட்ல கார்கோ வேலைங்க. வர லேட்டாகும்."

அப்போதுதான் உள்ளேயிருந்து ஈனசுரத்தில் ஒரு குரல். "அம்மா, தண்ணி..."



"பக்கத்து வீட்டுப் பையன்," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கட்டுங்களா?"

பலகையைத் தேய்த்து முடித்துவிட்டேன். ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை. அக்காவுக்கு அன்று வந்த இடமே அமைந்தது. அண்ணன் அதன் பிறகு அம்மாவிடம் எதையுமே கேட்டதில்லை.