ஞானமுத்து உபதேசியாரும் பதினோரு கையெழுத்தும்

செவ்வாய்க்கிழமை காலையில் உளுந்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது உபதேசியாருக்குப் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா போன் செய்தார். "உபதேசியார் போயிட்டாவ தம்பி" என்றார். சரி என்று வைத்துவிட்டு, டேங்கில் மிச்சமிருந்த மருந்தையும் அடித்து முடித்தேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊரில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடுகள் ஒன்பதுதான். குருவானவர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்தியது ஞானமுத்து உபதேசியார்.

தொழிற்பேட்டைக்கு எங்கள் கரிசல் காட்டை எடுப்பதாக நோட்டீஸ் வந்த வருஷம், ஊர்க்கூட்டம் போட மூன்று தடவை மனு கொடுத்தோம். போலீஸ் அனுமதிக்கவில்லை. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து உபதேசியார் அறிவிப்பு வாசித்தார்: "வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம். காடு நம்மள விட்டுப் போகக் கூடாதுன்னு ஜெபம். எந்தச் சாமி கும்பிடுதவியளும் வரலாம்."

ஜெபத்துக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. திருநீறு பூசிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தோம். முதல் வெள்ளி எல்லோரும் ஆமென் சொன்னபோது, நான் பழக்கதோஷத்தில் அரோகரா என்றுவிட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "மெதுவாச் சொல்லும், வாசல்ல போலீஸ்காரவிய எழுதிக்கிட்டிருக்காவ" என்றார்.

எழுதத்தான் செய்தார்கள். ஐந்தாவது வெள்ளி இன்ஸ்பெக்டர் உள்ளேயே வந்து, இது ஜெபமா போராட்டமா என்று கேட்டார். "உங்ககிட்ட மூணு மனு கொடுத்தோம், பதில் வரல. அதான் மேல கொடுக்கோம்" என்றார் உபதேசியார். அவர் மேலும் எங்கள் பதினோரு பேர் மேலும் வழக்கு விழுந்தது.

உங்களில் பலருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். பிறகு எங்கள் பதினோரு பேரை மட்டும் டி.எஸ்.பி. ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மதம் மாற்றத்தான் உபதேசியார் கூப்பிட்டார், விவரம் தெரியாமல் போனோம் என்று எழுதிக் கொடுத்தால் வழக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். என் மகளுக்கு அரசு வேலை வரும் நேரம். கையெழுத்துப் போட்டேன். பதினோரு பேருமே போட்டோம்.

அதற்குப் பின் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோவில்பட்டி கோர்ட்டுக்கு அவர் ஒற்றை ஆளாய்ப் போனார். பஸ் ஏற்றிவிடுவது மட்டும் என் பைக். ஒருநாள் வெட்கம் தாங்காமல் நானே பேச்செடுத்தேன். "மகளுக்கு வேலை கெடைச்சிட்டா?" என்று கேட்டார். கிடைத்துவிட்டது என்றேன். "நல்லது. வண்டிய எடும், பஸ் போயிரும்" என்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் வக்கீலைப் பார்த்து, எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கணும் என்றேன். "ஆள் போயிட்டாவ, கேஸும் அதோட முடிஞ்சிட்டு. இனி வாபஸ் வாங்க என்ன இருக்கு அண்ணாச்சி" என்றார்.

அவர் விடாமல் நின்றதில், நிலத்தை எடுக்கக் கூடாதென்று கோர்ட் தடையுத்தரவு வந்து, காடு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. அவர் எனக்கு விட்டுப்போனது அது. ஆபீஸ் காகிதக் கட்டுக்குள் என் கையெழுத்தும் அப்படியேதான் இருக்கிறது. அவர் ஒருநாளும் எங்களில் யாரையும் மதம் மாறச் சொன்னதில்லை. நான் எழுதிக் கொடுத்தது பொய். கேட்க வேறு இடம் இல்லாததால், அவரை அறிந்த உங்கள் முன்னால் இதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.