பதினேழாவது இடம்

ஆலங்குடிப் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அதிலும் மதராஸ் வரை போய் உடற்பயிற்சிப் படிப்பு முடித்துச் சான்றிதழோடு வந்தவள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக் கடைத்தெருவில் நடந்தால், "குதிக்கச் சொல்லிக்குடுக்குற டீச்சர் போகுதுடா" என்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

காலையில் முதல் மணி அடிப்பதற்கு முன்பே டிரில். இருபத்துநான்கு பெண்களுக்கும் வரிசையில் ஆளுக்கோர் எண் கொடுத்திருந்தேன். விசில் ஊதியதும் ஒவ்வொருத்தியாகத் தன் எண்ணைச் சொல்ல வேண்டும். வராதவளின் இடத்தைக் காலியாக விட்டு, அவள் எண்ணைத் தாண்டி அடுத்தவள் சொல்ல வேண்டும்.

தை மாதத்தில் பதினேழாம் எண்காரி பெரியவளாகிவிட்டாள் என்று வரவில்லை. நான் ஊருக்குப் புதிது. அவள் வீடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

அன்று மைதானத்தில் நல்ல பனி. "பதினஞ்சு." "பதினாறு." அதற்குப் பிறகு, "பதினேழு."

ஈரத்துணிக்குள் இருந்து வருவது போன்ற குரல். அந்த இடத்தில் பனியைத் தவிர எதுவும் இல்லை. பதினெட்டாம் பெண்ணின் உதடு நடுங்கியது.

"யாருடி சொன்னது?"

"நான் இல்ல டீச்சர்."

"பின்ன யாரு, பேயா?"

ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாளும் அந்தக் குரல் வந்தது. அதற்கு மறுநாளும். வரிசைக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். எந்த உதடும் அசையவில்லை, குரல் மட்டும் வந்தது. படித்தவள் இதற்கெல்லாம் பயப்படலாமா? பயத்தைக் கோபமாக மாற்றிக்கொண்டேன். நான்காம் நாள் மைதானமே அதிரக் கத்தினேன்: "இல்லாதவளுக்கு இங்க நம்பர் கிடையாது! பேரையே அடிச்சுருவேன்!"

அதன்பின் குரல் வரவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, மர டம்பெல்ஸைப் பெட்டியில் அடுக்கும்போது பதினெட்டாம் பெண் அழத் தொடங்கினாள்.

"அவதான் டீச்சர் சொன்னா. சுவத்துக்கு அங்கிட்டு அவுக வீடு. குச்சு கட்டி உக்கார வச்சிருக்காக."

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"குச்சுல இருக்கவளப் பத்தி வாய் தொறந்தா காத்துக்கருப்பு அண்டிரும்னு ஆத்தா சொல்லுச்சு."

சாயங்காலமே போனேன். அவள் அம்மா முற்றத்தில் காய்ந்த கடலையை அள்ளிக்கொண்டிருந்தார்.

"சமைஞ்ச புள்ளையப் பள்ளிக்கோடத்துக்கு அனுப்புற வழக்கமே எங்க வீட்டுல இல்லீங்க. மூணு நாளு சோறு திங்காம அழுதுதான் அவுக அப்பாவச் சம்மதிக்க வச்சா. நம்பரச் சொல்லிக்கிட்டே இருந்தா எடம் போகாதுன்னு நெனச்சா. நீங்க பேர அடிச்சுட்டீங்கன்னதும் இனிமே போகலைன்னுட்டா. நல்லதாப் போச்சுன்னு அப்பாவும் சொல்லிட்டாக. தீட்டுக் கழிச்சுக் குச்சக் கொளுத்துற அன்னைக்கு அவளா வாயத் தொறந்து போறேன்னு சொன்னாத்தான் உண்டு."

"நான் பேசலாமா?"

"பேசுங்க. கிட்ட மட்டும் போகாதீங்க."

எங்கள் மைதானச் சுவரை ஒட்டி, தென்னங்கீற்றில் கட்டிய சின்னக் குச்சு. பச்சைக் கீற்று பாதி காய்ந்திருந்தது. வாசலுக்குக் குறுக்கே உலக்கை கிடந்தது. உள்ளே இருட்டு, மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதா? யாருன்னு தெரியாமக் கத்திட்டேன். தப்பு என்னோடது. பேர அடிக்கல. ஒன் எடம் காலியாத்தான் இருக்கு."

ஒரு மாணவியிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. காற்றே இல்லாதபோது ஒரு கீற்றின் நுனி மட்டும் ஆடியது. பிறகு அதுவும் நின்றது.

மறுநாள் முதல், பதினாறு சொன்னதும் வரிசையை நிறுத்தினேன். பத்து மூச்சு நேரம் எல்லோரும் அந்தக் காலி இடத்துக்காகக் காத்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காத்திருக்கக் காத்திருக்க அந்த இடத்தில் யாரோ நிற்பது போலவே தோன்றியது. பக்கத்தில் நின்ற பெண்கள் தெரியாமல்கூட அங்கே கால் வைக்க மாட்டார்கள்.

"என்ன டீச்சர், காத்துக்கும் டிரில் சொல்லிக்குடுக்குறீங்களா?" என்று கணக்கு டீச்சர் வராந்தாவில் இருந்து கேட்டார். ஆமாம் என்றேன்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் சுவருக்கு மேல் புகை எழுந்தது. ஓலை வெடிக்கும் சத்தம். குச்சைக் கொளுத்திவிட்டார்கள். அவள் சொன்னாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. புகை பனியோடு சேர்ந்து தாழ்வாக இறங்கி வரிசையையே மூடிவிட்டது. விசில் ஊதினேன். எண்கள் மட்டும் புகைக்குள்ளிருந்து வந்தன.

"பதினஞ்சு." "பதினாறு."

கண் எரிய எரிய மூச்சை எண்ணினேன். ஏழு. எட்டு. ஒன்பது.

"பதினேழு."

குரல் சுவர்ப் பக்கமிருந்து வரவில்லை. வரிசைக்கு நடுவில் இருந்து வந்தது. யாரோ வீல் என்று அலறினாள்.

புகை விலகியது. காலி இடத்தில் அவள் நின்றாள். புதுத் தாவணி, முகத்தில் மஞ்சள், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிற்று. அவள் அம்மா புத்தகப் பையோடு பள்ளி வாசலில் வந்து நின்றார்.

"'போறேன்'னு ஒரே வார்த்ததான் அவுக அப்பாகிட்டச் சொன்னா டீச்சர். நெருப்பு அணையுறதுக்குள்ள கையக்கூடக் கழுவாம ஓடியாந்துட்டா!"

"பதினெட்டு" என்றது அடுத்த குரல்.

இருபத்துநான்கு வரை கேட்டேன்.

"தாவணிய இடுப்புல செருகு" என்றேன். செருகினாள். கைகளை உயரத் தூக்கியபோது, உள்ளங்கை இரண்டிலும் ஓலைச் சாம்பல் அப்பியிருந்தது.