தோடம்பழத்துக்கு எழுதிய வம்சாவளி

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வட லண்டனில், எட்மண்டனில் எடுத்திருந்த மண்டபத்தில் அம்மா இருந்தார், அக்கா இருந்தார், அத்தான் இருந்தார், நான் இருந்தேன். கனடாவிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பாவோடு பழச்சந்தையில் பெட்டி இறக்கிய போலந்துக்காரரும் ருமேனியக்காரரும் கறுப்புக் கோட்டோடு வந்து, சப்பாத்தை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் வாசலில் நின்றார்கள். மாமி வரவில்லை. அப்பாவின் ஒரே தங்கை. ஐயர் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். அத்தான் மூன்று தடவை போன் அடித்தார்.

“ரிங் போகுது. எடுக்கினமில்லை.”

“ஸ்ட்ரெதமில இருந்து வாறது லேசே? ட்ரெயின் பிந்தியிருக்கும்,” என்றார் பெரியப்பா. அம்மா வாசலைப் பார்த்தபடி இருந்தார். கிரியை மாமி இல்லாமலே தொடங்கியது, மாமி இல்லாமலே முடிந்தது.

அம்மாவுக்கு லண்டனில் சொந்தமென்று சொல்ல மாமி ஒருவர்தான். அப்பா இந்த நாட்டுக்கு வந்திறங்கியபோது முதல் நாலு வருடமும் படுத்தது மாமியின் முன்னறையில். அம்மாவை முதன்முதலில் பஸ்ஸில் ஏற்றியதும், டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் அவருக்காக இங்கிலீஷில் பேசியதும் மாமிதான். அப்பாவின் அஸ்தியில் ஒரு பங்கைக் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைக்க இருவரும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. இரண்டு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. தனியே விமானம் ஏற அம்மாவுக்குப் பயம். “மச்சாள் பக்கத்தில இருந்தால் எனக்குப் பயமில்லை,” என்று வீட்டுக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமி வராததற்குக் காரணம் நான். அதைத்தான் எழுத வேண்டும்.

முப்பத்தோராம் நாளில், வந்தவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். கல்வெட்டு என்போம். கடைசிப் பக்கங்களில் ஏதாவது பயனுள்ள விடயமும் சேர்ப்பார்கள். நீரிழிவுக்காரர் என்ன சாப்பிடலாம் என்ற பட்டியலைக்கூடக் கண்டிருக்கிறேன். அப்பாவின் கல்வெட்டை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. வேறு யாருக்கு வரும்? அப்பா நாலாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அக்கா பதினாறு வயதில் இங்கே வந்து நேரே வேலைக்குப் போனவர். பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். கவுன்சில் கடிதத்திலிருந்து காஸ் பில் வரை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நான் எழுதியதை யாரும் திருப்பிப் படித்துப் பார்ப்பதில்லை. படிச்சவன் எழுதினால் சரியாய்த்தான் இருக்கும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

எட்டாம் நாள் எங்கள் வீட்டுக் குசினியில் பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றபோது மாமி கேட்டார்.

“தம்பி, புத்தகத்தில என்ர பிள்ளையின்ர பேரையும் போடுவாய்தானே?”

“ஓம் மாமி.”

“முழுப் பேரையும் போடு. வீட்டில கூப்பிடுற பேர் வேண்டாம்.”

மாமியின் ஒரே மகன் இரண்டு வருடத்துக்கு முன் மூளைக் காய்ச்சலில் இறந்தான். பத்தொன்பது வயது. கலியாணம் கட்டாத பிள்ளைக்கு என்ன கல்வெட்டு என்று பெரியவர்கள் அப்போது சொல்லிவிட்டார்கள். அவன் பெயர் ஒரு புத்தகத்திலும் அச்சாகவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

நான் எழுதத் தொடங்கியது வேறொன்று. பல்கலைக்கழக விடுமுறை ஒன்றில் அப்பாவோடு சந்தையில் வேலை செய்திருந்தேன். விடியும் நேரத்தில், இங்கிலீஷில் ஒரேஞ்ச் என்கிற தோடம்பழம் பெட்டி பெட்டியாக வந்திறங்கும். ஒரே பழம், தூக்குகிறவனுக்கு ஏற்றபடி அதன் பெயர் மாறும். ஸ்பெயினிலிருந்து லொறி ஓட்டி வந்தவர் நரான்ஹா என்றார். போலந்துக்காரர் பொமராஞ்ச்சா என்றார். ருமேனியக்காரருக்கு அது போர்த்தொகாலா. ஒல்லாந்து டிரைவர் சினாசாப்பல் என்பார். அவற்றில் ஒன்றைக்கூட எழுதத் தெரியாத அப்பா ஆளுக்கேற்ற பெயரைச் சொல்லித்தான் வேலை வாங்குவார். “டேய், உந்தப் போர்த்தொகாலாவை இஞ்சால தள்ளு,” என்பார். ருமேனியக்காரரும் தமிழ் விளங்கினவர் போலத் தள்ளுவார்.

அந்தச் சொற்களின் பின்னால் போனேன். அப்பா இறந்த பிறகு எனக்குச் செய்யத் தெரிந்த துக்கம் அதுதான் போலும். நூலகத்தில் போய் அகராதிகளின் நடுவே உட்கார்ந்துகொண்டேன். ஒல்லாந்துச் சொல்லுக்குச் சீன ஆப்பிள் என்று பொருள். ரஷ்யரின் அபெல்சினும் அதே வழிதான். ருமேனியரும் பல்கேரியரும் கிரேக்கரும் போர்த்துக்கலின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள், இனிப்புத் தோடையைக் கொண்டுவந்து விற்றவர்கள் போர்த்துக்கேயர் என்பதால். போர்த்துக்கேயரோ லரான்ஜா என்கிறார்கள். தங்கள் ஊர்ப் பெயரை அதில் ஒட்டவில்லை. போலந்துச் சொல்லின் முன்பாதி இத்தாலியரின் பழம் என்ற சொல். கிரேக்கத்தில் இன்னொரு சொல்லும் உண்டு: நெராஞ்சி. அது கசப்புத் தோடைக்கு மட்டும். பழைய பெயர் கசப்பானதோடு தங்கிவிட, இனிப்பானது புதுப் பெயரோடு கடைக்கு வந்துவிட்டது. நரான்ஹாவும் நெராஞ்சியும் அரபு, பாரசீகம் என்று பின்னோக்கிப் போய் வடமொழியின் நாரங்கத்தில் நிற்கின்றன. அதற்கும் அப்பால் ஒரு திராவிடச் சொல், நம் நாரத்தைக்கு உறவான ஒன்று, இருக்கக்கூடும் என்று அகராதி சொன்னது. இருக்கக்கூடும் என்றுதான் சொன்னது. நான் இருக்கிறது என்று எழுதினேன். யாழ்ப்பாணத்தார் அந்தப் பழத்தை நாரத்தை என்று சொல்வதில்லை, தோடம்பழம் என்கிறோம், சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்பதை எழுதாமல் விட்டேன். கல்வெட்டுக்கு அது அழகாயில்லை என்று பட்டது.

கட்டுரை இரண்டு பக்கம் வந்தது; புத்தகம் இருபத்தாறு பக்கமாயிற்று. அச்சகக்காரர் போனில் சொன்னார்: “தம்பி, பக்கம் நாலு நாலாத்தான் போகும். இருபத்துநாலு, இல்லாட்டி இருபத்தெட்டு. இருபத்தெட்டெண்டால் நாளைக்கு முடிக்க ஏலாது. ரெண்டு பக்கத்தை வெட்டித் தாங்கோ.”

தேவாரத்தை வெட்ட முடியாது. படங்களை வெட்ட அக்கா விடமாட்டார். வம்சாவளி மூன்று பக்கம் இருந்தது. அதை ஒரு பக்கமாக்கினேன். அப்பாவின் சகோதரங்களின் பெயர்களை மட்டும் வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘குடும்பத்தினர்’ என்று போட்டேன். அந்தச் சொல்லுக்குள் பதினேழு பேர் போனார்கள். அவர்களில் பதினாறு பேர் உயிரோடு இருப்பவர்கள்.

மாமிக்குச் சொன்ன ஓம் அப்போது நினைவுக்கு வரவில்லை என்று எழுதலாம். அது பொய். நினைவுக்கு வந்தது. எல்லோரையும் ஒரே மாதிரித்தானே வெட்டினேன், மாமிக்கு விளங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தியேட்டிக்கு முதல்நாள் பின்னேரம், மை வாசம் போகாத ஒரு கட்டுப் புத்தகங்களை ஸ்ட்ரெதமுக்கு நானே கொண்டுபோனேன். அண்ணனின் புத்தகத்தைத் தங்கை முதலில் பார்க்கட்டும் என்ற எண்ணம். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டைப் படத்தைத் தடவினார். பிறகு நேரே வம்சாவளிக்குப் போனார். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. பக்கத்தைப் புரட்டினார். திரும்ப வந்தார். விரல் இன்னொரு தடவை இறங்கியது. பிறகு தோடம்பழக் கட்டுரையில் நின்றார். இரண்டு பக்கத்தையும் ஆறுதலாக, ஒரு சொல் விடாமல் வாசித்தார்.

“உது முழுக்க நீ எழுதினதே?”

“ஓம் மாமி.”

“நல்லாப் படிச்சிருக்கிறாய்.” புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு ட்ரெயின் ஏறினேன். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மண்டபத்தில் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் புத்தகம் கொடுத்தோம். பெரியப்பா கட்டுரையைப் பார்த்துவிட்டு, “டேய், நாரத்தங்காய் ஊறுகாய் போடுறதெல்லோ? உது என்ன புதுக் கதை?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா அக்காவிடம் புத்தகத்தைக் கொடுத்தார்.

“மச்சாளின்ர பிள்ளையின்ர பேர் எங்க இருக்கெண்டு வாசி.”

அக்கா தேடினார். என்னைப் பார்த்தார். “இல்லை அம்மா.”

“வடிவாப் பார்.”

“இல்லை.”

“அப்ப இருக்கிறதை வாசி.”

அக்கா கட்டுரையை முழுதும் வாசித்தார். சீனம், போர்த்துக்கல், பாரசீகம், அரபு எல்லாம் அந்தச் சின்னக் குசினிக்குள் ஒவ்வொன்றாக வந்தன. அம்மா கடைசி வரி வரை கேட்டார்.

“தோடம்பழத்துக்குப் பூட்டன் கொப்பாட்டன் வரைக்கும் எழுதியிருக்கிறாய். செத்துப்போன உன்ர மச்சானுக்கு ஒரு வரி கிடைக்கேல்லையே உனக்கு?”

அத்தான் அம்மாவிடம் சமாதானமாகச் சொன்னார்: “ஒரு துண்டில பேரை அடிச்சு உள்ளுக்கு ஒட்டிவிடலாம்.”

“ஒட்டுற பேரோ? அவன் என்ன விலைச் சீட்டே?”

முந்நூறு பிரதியும் புதிதாக அச்சிட்டோம். கட்டுரை இல்லை. வம்சாவளி மூன்று பக்கம். மாமியின் பெயருக்குக் கீழே மச்சானின் முழுப் பெயரும், பிறந்த திகதியும், இறந்த திகதியும். இந்த முறை ஒவ்வொரு எழுத்தையும் அக்கா அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே அச்சுக்குப் போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் ஸ்ட்ரெதமுக்குப் போனேன். கதவைத் திறந்தது மாமா.

“மாமி நிக்கிறாவா?”

“மேல படுத்திருக்கிறா.” பெட்டியை வாங்கிச் சுவரோரம் வைத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. மேலே யாரோ நடக்கும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. “கொம்மாட்டச் சொல்லு. கீரிமலைக்கு அவ வரேல்லையாம்.”

“மாமா, நான் செய்தது பிழைதான்...”

“நீ படிச்ச பிள்ளை, தம்பி. உனக்கு நான் என்ன சொல்லுறது?”

அம்மாவிடம் சொன்னேன். “சரி,” என்றார். டிக்கெட்டில் பெயர் மாற்ற முடியாது, எனக்குப் புதிதாக ஒன்று எடுத்துக் கூட வருகிறேன் என்றேன். அம்மா அஸ்திச் செம்பை ஒரு பருத்திச் சேலையில் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“நீ வரவேண்டாம். நான் கேட்டுக் கேட்டுப் போவன்.”

அப்படியேதான் போனார். கொழும்பு வரை பக்கத்து இருக்கையில் ஒருவரும் இல்லையாம். தன் கைப்பையை அதில் வைத்திருந்தாராம். திரும்பி வந்து அக்காவிடம் அவ்வளவுதான் சொன்னார். மாமிக்கு அம்மா இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிக்கிறார். ரிங் போகிறது.

மறு அச்சுக்கு நானூற்றுப் பத்து, அந்த இருக்கைக்கு அறுநூற்று எண்பது. எல்லாமாக ஆயிரத்துத் தொண்ணூறு பவுண்.