ஜப்பான் இலக்கணம் என்று தந்த கட்டு

டிசம்பரில் கொழும்பில் ஜப்பானிய மொழிப் பரீட்சை. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டித்தர வந்த ஜப்பான்காரர்களோடு கதைத்துப் பிடித்த ஆசை. நாட்டில் சண்டை முடிந்ததால் வாப்பாவும் போகச் சொல்லிவிட்டார். சொற்களும் இலக்கணமும் படிக்கத்தான் புத்தகம் இல்லை.

இன்று கல்முனை பஸாரில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் கேட்டேன்.

"ஓம் மகள், இரிக்கி" என்று கடைக்காரர் உடனே கொப்பிக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். கேட்டதும் கிடைத்ததே எனக்குச் சந்தேகம்.

புரட்டினேன். எல்லாம் கட்டம் கட்டமான எழுத்து. ஜப்பானிய இலக்கணம் வளைந்த சின்ன எழுத்துகளில்தான் வரும். கடைசிப் பக்கம் வரை அப்படி ஒன்றுகூட இல்லை.

"காக்கா, இது சீன மொழி" என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "விளையாடாதீங்க மகள். போன கிழம அக்கரைப்பற்று டீச்சர் ஒராள் இதத்தான் கொண்டு போன. அவக்கும் அந்தச் சோதினதான். இனித்தான் படிக்கத் தொடங்கப் போறாவாம்."

டீச்சரின் பெயரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அக்கரைப்பற்று ஆட்களே, உங்கள் பக்கம் ஒரு டீச்சர் ராவு பகலாக ஜப்பான் மொழி படித்துக்கொண்டிருந்தால் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். அவர் படிப்பது சீனம்.