அடுகோடியில் ஒரு ஸ்வீடன் கட்சிக்காரர்

ஓசூர் சாலையில் எங்கள் கார் நிற்கிறது. அடுகோடி மாட்டுக்கொட்டகைகளைப் பார்க்க வேண்டும் என்கிறார் லார்ஸ். ஸ்வீடன் நாட்டு விவசாயி, கட்சிக்காரர். நான் மதராஸிலிருந்து கூட வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளன்.

கொட்டகை வாசலில் பால்காரர்கள் கூடியிருக்கிறார்கள். வார்டு தேர்தலில் தங்களில் ஒருவரான மேரியம்மாவை நிறுத்தப் போகிறார்களாம். மாடு கறந்த கையோடு வந்த அவர், லார்ஸின் கட்சியைப் பற்றி விசாரிக்கிறார்.

லார்ஸ் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்கிறேன். "எங்களுடையது குடியானவர் கட்சி. ஜனங்கள் கிராமத்தை விட்டு டவுனுக்குப் போனதும் கட்சி இளைத்துவிட்டது. குடியானவர் என்ற சொல்லை எடுத்துவிட்டு, நடுவில் நிற்கும் கட்சி என்று பெயர் வைத்தோம்."

"பேரை எடுத்ததுக்கு உங்க ஜனம் கோச்சுக்கலையா சார்?" என்கிறார் மேரியம்மா.

"என் அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனால், டவுன்காரர்களும் இப்போது எங்களுக்கு ஓட்டுப் போடுகிறார்கள்."

மேரியம்மா தன் ஆட்கள் பக்கம் திரும்புகிறார். "பால்காரங்க ஓட்டு மட்டும் நமக்குப் பத்தாது. எதிர்ல இருக்கிற லேத் பட்டறை ஆளுங்களையும் கேக்கணும்."

"அவங்களையா? சாணி நாறுதுன்னு தினமும் நம்மள ஏசுறவங்கக்கா!" என்கிறார் அவருடைய தம்பி.

"நாறத்தானே செய்யுது? ஜெயிச்சா மொத வேலையா சாக்கடை கட்டறேன்னு சொல்றேன். வா."

முந்தானையைச் செருகிக்கொண்டு சாலையைக் கடக்கிறார். பட்டறையில் லேத் சத்தம் நிற்கிறது. எண்ணெய்க் கையைத் துடைத்தபடி தொழிலாளர்கள் வாசலுக்கு வருகிறார்கள். மேரியம்மா பேசுகிறார். ஒருவர் ஸ்டூலை எடுத்து வந்து அவருக்குப் போடுகிறார். முணுமுணுத்துக்கொண்டே தம்பியும் சாலையில் இறங்குகிறார்.