காலர் மட்டும்

நான் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியை மூடிவிட்டார்கள். “வூட்ல சும்மா குந்திகினு இன்னா பண்ணப் போற?” என்று என் தங்கைதான் கிளப்பினாள். வண்ணாரப்பேட்டையில் செல்போன் கடையில் வேலை செய்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்.கே.பி. நகரிலுள்ள என் வீட்டுக்கு வந்து, என் போனிலேயே தொழிலுக்கென்று ஒரு பக்கம் திறந்தாள். பெயரும் படமும் மளமளவென்று முடிந்தன. அடுத்து, என்ன தொழில் என்று கேட்டது.

“இதுல ஒண்ணத் தொடணும்க்கா. நீ இன்னா பண்றன்னு சொல்லு.”

“காலர் தைக்கிறேன்.”

“அது இல்லியே. துணிக்கடை கீது, டிசைனர் கீது, டைலர் கீது.”

கம்பெனியில் சட்டை தைப்பது லைன் வேலை. ஒருத்தி கை, ஒருத்தி பாக்கெட், ஒருத்தி பட்டன் துளை. நான் காலர். சேர்ந்த நாள் முதல் மூடிய நாள் வரை காலர்தான். முழுச் சட்டை ஒன்றைக்கூட என் கையால் முடித்ததில்லை. என் வீட்டுக்காரருக்கே கடையில்தான் சட்டை வாங்குவோம்.

“டைலர்னே போடு,” என்றேன். குருட்டுத் தைரியம்தான்.

செய்த வேலையைப் படம் எடுத்துப் போடச் சொன்னாள். மீதித் துணியில் ஒரு காலர் தைத்து, இஸ்திரி போட்டு, வெள்ளைத் தாள்மேல் வைத்துப் படம் எடுத்தேன். இரண்டு முனையும் கூராக நின்றன. கம்பெனியில் சூப்பர்வைசர் அந்த முனையைத்தான் பார்ப்பார். அதே பழக்கத்தில் போட்டுவிட்டேன். ‘சட்டை எங்க?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே பலர் சிரித்திருந்தார்கள். அவமானமாக இருந்தது. அதைவிட, முனையை ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று ஆத்திரமாக இருந்தது.

அந்த வாரமே எதிர் பிளாக்கிலிருந்து ஒரு அம்மா, மகளின் வளைகாப்புக்கென்று பட்டுத் துணியும் அளவு ஜாக்கெட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“எனக்கு ஜாக்கெட்டு தைக்க வராதும்மா.”

“டைலர்னு போட்டுக்கிறியே. அப்ப உனக்கு இன்னாதான் வரும்?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. துணியை மடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

தங்கை மறுபடி வந்து, டைலரை எடுத்துவிட்டு வேறு தேடினாள். விரலால் தள்ளத் தள்ளப் பட்டியல் வந்துகொண்டே இருந்தது. நாய்க்கு முடி வெட்டுபவருக்கு ஒன்று, ஜோசியருக்கு ஒன்று. எனக்குத்தான் இல்லை. அப்போது ஒரு செய்தி வந்தது. திருவொற்றியூரில் ஒரு தையல் யூனிட். ‘காலர் நல்லா இருக்கு. ஆள் தேவை. வயசு என்ன?’

தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“கொறச்சுப் போடட்டாக்கா?”

“ஆதார் கேப்பாங்கடி. உள்ளதயே போடு.”

நாற்பத்தேழு என்று போட்டாள். அவர்கள் பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பத்தொன்பது வயதில் காலர் மெஷினில் உட்கார வைத்தபோது, மற்ற வேலையும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். “உன் கை காலருக்குன்னே பொறந்த கை, உனக்கெதுக்கு அதெல்லாம்?” என்றார்கள். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையிலேயே எனக்கு நாற்பத்தேழு வயதாகிவிட்டது.